இதயச் சோதனைகளும் சிகிச்சைகளும்: நோயாளி அறிய வேண்டுவன

மைசூருவில் கிருஷ்ணராஜசாகர் சாலையிலுள்ள ஜயதேவா இருதய நோய் மருத்துவமனை, கர்நாடக அரசின் தன்னாட்சி நிறுவனம் ஒன்றின் கிளையாகும். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் அங்கு வழக்கத்திற்கு மாறாக மக்கள் திரண்டனர். அண்டையிலுள்ள ஹாசன் மாவட்டத்தில் சுமார் நாற்பது நாட்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் மாண்டனர் என்ற செய்தியே அதற்குக் காரணம். மாண்டவர்களுள் இளவயதினரும் இருந்தமையால் அச்சம் பரவியது. எந்த உபாதையும் இல்லாத பலர் விடியற்காலை முதலே வரிசையில் நின்றனர். பீதி வேண்டாம் என்று மருத்துவமனை கேட்டுக்கொண்டது. மாநில அரசு நியமித்த நிபுணர் குழு, மரணங்கள் அசாதாரணமாக உயரவில்லை எனப் பின்னர் அறிவித்தது.

குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் சேவையில், காத்திருக்கும் நேரமே விலையாகிவிடுகிறது என்பது பொருளியல் பயின்றோர் அறிந்ததே. அச்சத்தால் நீளும் வரிசையின் விலையை, அதன் பின்வரிசையில் நிற்கும் உண்மையான நோயாளியே செலுத்துகிறார். ஆகவே எந்தச் சோதனை எந்த வினாவுக்கு விடை தருகிறது என்று அறிந்திருத்தல் தனிமனிதருக்கு மட்டுமன்றி, பொதுச் செலவினத்திற்கும் நன்மை பயக்கும்.

சோதனைகள் கூறுவதும் கூறாததும்

இதயத்திற்கு வரும் கோளாறுகள் ஒரே வகையைச் சார்ந்தவை அல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் கொழுப்புப் படிவால் குறுகலாம், வால்வுகள் பழுதுறலாம், தசை தளர்ந்து இரத்தத்தை இறைக்கும் ஆற்றல் குன்றலாம், துடிப்பின் ஒழுங்கு பிறழலாம்.

இ.சி.ஜி. என்பது சில விநாடிகளில் நிகழும் மின்னியக்கத்தின் பதிவு மட்டுமே. மாரடைப்பு நிகழும்போது அது பேருதவி புரிகிறது. எனினும் நாளங்கள் குறுகிய ஒருவர் ஓய்வாகப் படுத்திருக்கையில் எடுத்த இ.சி.ஜி. முற்றிலும் இயல்பாக இருக்கக் கூடும். அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறும்போது வரும் நெஞ்சு இறுக்கத்தைப் பொருட்படுத்தாதிருப்பது அபாயகரமானது. நடக்கும்போது தோன்றி, நின்றவுடன் மறையும் இறுக்கத்தை ஆராய்வதற்கே டிரெட்மில் சோதனை ஏற்பட்டது.

எக்கோ சோதனை ஒலியலைகளின் உதவியால் தசையின் அசைவையும் வால்வுகளையும் காட்டுகிறது. ஆனால் நாள அடைப்பை அது நேரடியாகக் காட்டுவதில்லை. அதன் அறிக்கையில் காணும் ‘60 சதவீதம்’ என்ற எண்ணைக் கண்டு, மீதி 40 சதவீதம் பழுதாகிவிட்டது என்று கலங்குவோர் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையிலுள்ள இரத்தத்தில் எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதே அந்த எண்ணின் பொருள். நலமுள்ள இதயத்திலும் அது நூறாக இருப்பதில்லை; 55 முதல் 70 வரை இயல்பே.

டிரோபோனின் என்னும் இரத்தச் சோதனை தசைச் சேதத்தை உணர்த்துவது. சேதம் நேர்ந்து சில மணி நேரம் கழிந்தே அது உயர்வதால், முதல் முடிவு இயல்பாக இருந்தபோதிலும் மருத்துவர் மீண்டும் இரத்தம் கேட்பதுண்டு. பணம் பறிக்கும் உத்தி என்று இதனை ஐயுறுதல் தகாது.

ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும்

மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயமேற்றி நாளங்களைப் படமெடுப்பது ஆஞ்சியோகிராம். இது சோதனையே தவிர, சிகிச்சை அன்று. இதன் பின்னர் மருந்து மட்டும் போதுமா, பலூனால் விரித்து ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் பொருத்துவதா, பைபாஸ் அறுவை வேண்டுமா என்பது முடிவாகும்.

மாரடைப்பின்போது அடைப்பை உடனே திறத்தல் உயிர் காக்கும். நிலையான நெஞ்சுவலியின் கதை வேறு. இந்தியா உள்பட 37 நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2020இல் வெளியான ஆய்வில், முறையாக மருந்து உட்கொண்டோரைவிட, அத்துடன் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் பெற்றோரிடையே மரணம் குறைவாக இருந்ததாகத் தெரியவில்லை. வலி தணிவதில் பயன் இருந்தது. முதன்மை இடது நாளத்தில் கடும் அடைப்பு உடையோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. எனவே அவசரமற்ற நிலையில், ‘இது எதற்காக? மருந்தால் இயலாதா?’ என்று வினவ நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

விலையைப் பொறுத்தமட்டில், 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும், பூசாததற்கு 7,260 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. அதற்கு முன் மருந்து பூசியவை ஒரு லட்சத்துக்கு மேல் விற்றன. மொத்தச் செலவில் ஸ்டென்ட் ஒரு பகுதியே ஆதலால், முழுச் சிகிச்சைக்கான மதிப்பீட்டையும் காப்பீட்டுத் தகுதியையும் முன்கூட்டியே கேட்டறிதல் நலம். ஸ்டென்ட் பெற்றவர், இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. பல் பிடுங்குவதற்காக நிறுத்தி, ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைவதற்கு இடமளிப்போரும் உளர்.

நேரமே மருந்து

மாரடைப்பில் தசை நிமிடந்தோறும் மடிகிறது. நெஞ்சின் நடுவே அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன அறிகுறிகள். நீரிழிவு நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இன்றி, அயர்ச்சியும் குமட்டலும் மட்டும் தோன்றலாம். இதனை வாய்வு என்று கருதி, சோடா அருந்தி இரவைக் கழிப்பது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம்.

உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி முதல் மூன்று மணி நேரத்தில் மிகுந்த பயன் தரும். பன்னிரண்டு மணி நேரத்திற்குப்பின் பொதுவாக அது தரப்படுவதில்லை. ஹெக்கடதேவனகோட்டையிலிருந்து மைசூரு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வண்டி பிடித்து நகரை அடைவதற்குள் அப்பொழுதில் பெரும்பகுதி கழிந்துவிடும். இதனைக் கருதியே, நடிகர் புனீத் ராஜ்குமார் 2021இல் தமது 46ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்த பின்னர், அவர் பெயரில் ஹ்ருதய ஜோதி திட்டத்தைக் கர்நாடக அரசு 2023இல் அறிவித்தது. தாலுகா மருத்துவமனையில் எடுக்கும் இ.சி.ஜி.யைத் தொலைவிலுள்ள நிபுணர் பார்வையிட, அங்கேயே அந்த ஊசியை இலவசமாகப் போடுவது அதன் ஏற்பாடு. தமிழ்நாட்டில் அதே ஆண்டு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகள் முதல் உதவியாகத் தரப்படுகின்றன. ஊசி ஏற்ற நோயாளி நிலைமை சீரானபின், பொதுவாக 24 மணி நேரத்திற்குள் ஆஞ்சியோகிராமுக்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டும். அப்போது முதல் இ.சி.ஜி. தாளையும், ஊசி போட்ட நேரம் குறித்த சீட்டையும் உடன் கொண்டு செல்லுதல் அவசியம்.