பூட்டிய கைப்பேசி

ஒருவன் விலை கொடுத்து ஒரு பேனாவை வாங்குகிறான். அதில் எந்த மையை நிரப்புவது என்பதை அவனே முடிவு செய்கிறான். விற்றவன் அதில் தலையிடுவதில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கைப்பேசி வாங்கியோர் பலர்க்கு இத்தகைய உரிமை நெடுங்காலம் வாய்க்கவில்லை.

அந்நாட்டில் கைப்பேசிகளைப் பெரும்பாலும் தொலைபேசிச் சேவை நிறுவனங்களே விற்று வந்தன. அவை கருவியின் விலையைப் பெரிதும் குறைத்துக் கொடுத்து, ஈராண்டுக் காலம் தம்மிடமே கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கின. அத்துடன் அமையாது, கருவிக்கு ஒரு பூட்டும் இட்டன. இப்பூட்டு கண்ணுக்குப் புலனாவதன்று. கருவியின் மென்பொருளில் மறைந்திருப்பது. ஒவ்வொரு சிம் அட்டையிலும் அஃது எந்த நிறுவனத்திற்கு உரியது என்பதைக் காட்டும் எண் பதிந்திருக்கும். மென்பொருள் அவ்வெண்ணைப் படித்துப் பார்த்து, தன் நிறுவனத்தின் எண்ணாயின் ஏற்கும், பிறிதாயின் மறுக்கும். பூட்டு நீக்கப்பட்டாலன்றி அக்கருவியில் வேறு நிறுவனத்தின் அட்டை பயன்படாது.

குறைந்த விலைக்குக் கொடுத்தவர் தம் பணம் திரும்பும் வரையில் காவல் வைப்பது முறையன்றோ என்று சிலர் வினவுவர். வினா தக்கதே. ஆயினும், ஒப்பந்தத்தை இடையில் முறிப்போர் தண்டத்தொகை செலுத்த வேண்டும் என்னும் விதி ஒப்பந்தத்திலேயே இருந்தது. மேலும், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் பூட்டு தானாக நீங்கிவிடவில்லை. ஆதலின் பணத்தைக் காப்பதற்கே பூட்டு என்னும் விடை நிறைவு தருவதன்று.

இதில் வியப்பூட்டும் செய்தி வேறொன்று உண்டு. இப்பூட்டுக்குக் காவலாய் நின்றது பதிப்புரிமைச் சட்டம்! நூல், இசை, திரைப்படம் முதலிய படைப்புகளைக் காக்கும் மின்னணுத் தடைகளை உடைப்பது குற்றம் என 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. மென்பொருளும் ஒரு படைப்பே ஆதலின், கைப்பேசிப் பூட்டும் அவ்விதியுள் அகப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அவ்விதிக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைவரிடம் இருந்தது. பதிப்புரிமை அலுவலகம் அந்நூலகத்தின் ஓர் உறுப்பாகும். நூலகத் தலைவர் கைப்பேசிக்கு 2006-லும் 2010-லும் விலக்கு அளித்தார். 2012-லோ, புதிய கருவிகளுக்கு அதை மறுத்தார். எனவே 2013 சனவரி 26-க்குப் பின் வாங்கிய கருவியை, நிறுவனத்தின் இசைவின்றித் திறப்பது சட்டத்திற்கு மாறாயிற்று. ஊதியம் கருதித் திறந்து கொடுப்போர்க்கு முதற் குற்றத்திற்கே ஐந்தாண்டுச் சிறையும் 5,00,000 டாலர் தண்டமும் வரை விதிக்க இடமிருந்தது.

தம் பொருளைத் தாமே திறப்பது குற்றமா என்று மக்கள் வெகுண்டனர். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் வெள்ளை மாளிகைக்குச் சென்றது. 2013 மார்ச்சில் அரசு அக்கோரிக்கையை ஆதரித்தது. காங்கிரஸ் அவை இயற்றிய புதிய சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஒபாமா 2014 ஆகஸ்டு 1-ஆம் நாள் கையொப்பமிட்டார். பழைய விலக்கு மீண்டது; உரியவர் வேண்டினால் பிறர் திறந்து கொடுக்கவும் வழி பிறந்தது.

எனினும் அச்சட்டம் பூட்டைத் திறக்கலாம் என்றதேயன்றி, பூட்டாதே என்று நிறுவனங்களைத் தடுக்கவில்லை. கானடா நாடு அவ்வாறு தடுத்தது. அங்கே 2017 டிசம்பர் 1 முதல் புதிய கைப்பேசிகள் பூட்டின்றியே விற்கப்பட வேண்டும் என்றும், பழையவற்றைக் கட்டணமின்றித் திறந்து தரவேண்டும் என்றும் விதி வந்தது. 2021 டிசம்பரில் பிரிட்டனும் பூட்டிய கைப்பேசிகளின் விற்பனையைத் தடை செய்தது.