வாகரைக் கரையும் வல்லரசுக் கணக்கும்

கேள்வி: இலங்கையின் உள்நாட்டுப் போரில் வல்லரசுகளின் போட்டிக்கு என்ன பங்கு? (வாசகர், கதிரவெளி)

பதில்: 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களைப் படித்தாலே பாதி விடை கிடைக்கும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் வழங்குவதில்லை. எண்ணெய்க் குதங்களை இந்தியாவுடன் சேர்ந்து சீரமைப்பது. அந்நிய ஒலிபரப்பு நிலையங்களை மீளாய்வு செய்வது. தமிழர் உரிமை பற்றிய உடன்படிக்கையோடு அமெரிக்கா மீதான இந்தியாவின் ஐயமும் சேர்ந்தே பயணித்தது.

அடுத்த கட்டத்தில் அந்த ஐயத்தில் அமெரிக்காவின் இடத்தைச் சீனா பிடித்தது. போர் மீண்டும் மூண்டிருந்த 2006 நவம்பர் 8 அன்று உங்கள் ஊரான கதிரவெளியின் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்தோர் மீது இராணுவ எறிகணைகள் விழுந்து 40இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜனவரியில் அருகிலுள்ள வாகரை இராணுவத்தின் வசமானது. மனித உரிமைக் கவலைகளால் அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் இலங்கைக்கான இராணுவ உதவியை மட்டுப்படுத்தியது. சீனாவோ ஆயுதம் விற்றது, 2008இல் தொடங்கிய அம்பாந்தோட்டைத் துறைமுகப் பணிக்குக் கடனும் கொடுத்தது. தான் விலகினால் அந்த இடத்தைச் சீனா நிரப்பிவிடும் என்ற அச்சத்தில் இந்தியா ரேடார்களை வழங்கியது.

2009இல் சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்ததால் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில் வடக்கே வன்னியில் நடந்த இறுதிப் போர் ஏறவில்லை. அரசின் இறைமையே முதன்மை என்பது அவற்றின் வாதம்; மேற்குலகு மனித உரிமையை முன்வைத்தது. ஆயினும் தமிழீழ விடுதலைப் புலிகளைத் தடைசெய்வதில் மேற்குலகும் இந்தியாவும் ஒரே பக்கம் நின்றன. போரின் வேர் உள்ளூரது. வல்லரசுகள் அதை உருவாக்கவில்லை. ஆனால் போர் முடிந்த பின்னும் அவற்றின் போட்டி தொடர்ந்தது: 2012 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய அமெரிக்கத் தீர்மானம் 24–15 என்ற வாக்குகளில் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்தது, சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்தன.