கடைசி வரியை முதலில் எழுது

அன்புள்ள மாணவிக்கு,

நீ எழுதிய அறிமுகக் குறிப்பை உன் வகுப்புத் தோழர்களின் குறிப்புகளோடு சேர்த்துப் படித்தேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே தடத்தில் போயிருக்கிறீர்கள். பெயர், ஊர், இளங்கலை எங்கே, முதுகலை எங்கே, பிறகு "சமூக ஊடகங்களில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு." உன் குறிப்பில் தலைப்பும் தயாராக இருக்கிறது: இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் கல்லூரி மாணவர்களிடம் ஏற்படுத்தும் தாக்கம். கடைசி வரிக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா பேரணாம்பட்டில் டேனரியில் டிரம் வேலை பார்த்தவர், அம்மா வீட்டிலிருந்தே ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கிறவர் என்று, விண்ணப்பப் படிவத்தில் குடும்ப விவரம் நிரப்புவதுபோல எழுதி முடித்திருக்கிறாய். அந்த வரியை மேலே கொண்டு வா என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

யாருடைய இரக்கத்தையும் பெறுவதற்காக அதைச் சொல்லவில்லை அம்மா. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் ஊர்களில், ஃபோன் யார் கையில் எப்போது இருக்கிறது, யார் கையில் இருக்கவிடுவதில்லை என்பது உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு அதைத் தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் பிடிக்கும். உன் கையிருப்பை நீயே ஓரமாக வைத்துவிடாதே.

நம் நூலகங்களில் 'தாக்கம் – ஓர் ஆய்வு' என்று முடியும் ஆய்வேடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றின் செய்முறை ஒன்றுதான். சொந்தக் கல்லூரியிலேயே இருநூறு பேர், ஒரு கூகுள் ஃபார்ம், 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி ஐந்து கட்டங்கள், கடைசியில் இரண்டு அட்டவணை. வேலூர் என்று இருக்கும் இடத்தில் விழுப்புரம் என்று மாற்றினால் ஆய்வேட்டில் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது. கணக்கெடுப்பின் மேல் எனக்கு வெறுப்பில்லை. கேள்வி பிறப்பதற்கு முன்பே படிவம் பிறந்துவிடுகிறதே, அதுதான் என் வருத்தம்.

உன் அம்மாவின் வேலையையே எடுத்துக்கொள். ஆம்பூர்ப் பக்கத்து வீட்டுத் தையல் பெண்களைப் பற்றி பெங்களூரின் சிவிடெப் போன்ற அமைப்புகள் நேரில் வந்து ஆராய்ந்து எழுதியிருக்கின்றன. வெட்டிய தோல் துண்டுகளை ஏஜென்ட் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். பெண்கள் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கையால் தைப்பார்கள். முடித்ததை அவரே எடுத்துப் போவார். கூலி ஜோடிக் கணக்கு. கம்பெனியின் ஆள் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்காது. இந்தச் சங்கிலிக்குள் வாட்ஸ்அப் எங்கே நுழைந்திருக்கிறது? புது டிசைனின் தையல் மாதிரி ஃபோட்டோவாக வருகிறதா? இந்த வாரம் சரக்கு இல்லை என்பதை ஏஜென்ட் எப்படிச் சொல்கிறார்? அடுத்த தெருவில் ஜோடிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது ஒரு குரல் செய்தியில் இந்தத் தெருவுக்கு வந்துவிட்டால் பேரம் மாறுகிறதா? அந்த ஃபோன் அம்மாவுடையதா, மகனுடையதா, இரவில் மட்டும் கைக்கு வருவதா? இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டைத் தாங்கும் கேள்வி. உன் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன.

ரீல்ஸைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றால் அதற்கும் இங்கே வழி இருக்கிறது. ஆம்பூரில் அசல் லெதர் ஷூ மலிவு விலையில் என்று கடை கடையாகப் போய் எடுக்கும் வீடியோக்களை நீயே எத்தனையோ பார்த்திருப்பாய். கேமரா அலமாரியில் தொடங்கும், ஷூவை வளைத்துக் காட்டும், தோல் உண்மையானதா என்று காட்ட லைட்டரைப் பற்றவைக்கும், விலையில் முடியும். அந்த ஷூவின் முன்பக்கத்தில் நெருக்கமாகச் சுருக்கி இழுத்த கைத்தையல் ஒரு நொடி திரையை நிரப்பும். தைத்த கை அதில் வராது. ஒரு முழு மாதத்து வீடியோக்களை எடுத்துக்கொண்டு, எதைக் காட்டுகிறார்கள், யாரைப் பேசவிடுகிறார்கள் என்று நொடிக்கணக்கு எழுது. பிறகு அதே வீடியோக்களைத் தைக்கும் பெண்களிடம் போட்டுக்காட்டி அவர்கள் சொல்வதைக் கேள். தாக்கம் என்ற சொல்லே உனக்குத் தேவைப்படாது.

இன்னொன்றும் உனக்கு மற்றவர்களைவிட எளிது. இந்த ஊர்களில் வீட்டில் தக்கனி உருது பேசி, பள்ளியில் தமிழ் படித்து, ஃபோனில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்கிறவர்கள் ஏராளம். எந்த எழுத்தும் கைவராதவர்கள் பட்டனை அழுத்திப் பேசி அனுப்புகிறார்கள். ஹேஷ்டேக்கைத் தேடிப் பதிவுகளைத் திரட்டும் ஆய்வில் இந்தப் பேச்சு ஒன்றுகூட அகப்படாது. அந்தத் திரட்டும் வழியும் இப்போது குறுகிவிட்டது. ட்விட்டர் 2023-இல் ஆய்வாளர்களுக்கான இலவசத் தரவு வழியை மூடியது. ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. பெரிய பல்கலைக்கழகங்களின் கணினிக்கூடங்கள் இதற்காகத் தவிக்கின்றன. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்கக்கூடிய உனக்கு அந்தத் தவிப்பு வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய 'சோஷியல் மீடியா இன் சவுத் இந்தியா' 2017-இல் லண்டனில் யூசிஎல் பிரஸ் வெளியிட்ட நூல். மானுடவியலாளர் டேனியல் மில்லர் தலைமையில் உலகின் ஒன்பது இடங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் இந்தியப் பகுதி அது. சென்னையின் புறநகரில், ஐ.டி. வளாகங்கள் எழும்பிக்கொண்டிருந்த கிராமங்களில், அவர் பதினைந்து மாதம் தங்கிப் பார்த்து எழுதினார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றே இறக்கிக்கொள். காலை வணக்கப் படங்களைக் கேலி செய்யாமல் ஏன் அனுப்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். வயதுப் பெண்ணின் கையில் ஃபோன் போவதைக் குடும்பம் எப்படிக் கண்காணிக்கிறது என்று காட்டியிருக்கிறார். ஃபேஸ்புக் நட்பு வட்டமும் சாதி, வர்க்கக் கோடுகளைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை என்று பக்கம் பக்கமாகக் காட்டியிருக்கிறார். ஊர்ப்பெயரை மறைத்து 'பஞ்சகிராமி' என்று வைத்திருப்பதையும் கவனி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவருடைய ஊரை ஐ.டி. மாற்றியது, உன் ஊரைத் தோல் ஆக்கியது. அவருடைய முடிவுகளை அப்படியே இங்கே பொருத்திவிடாதே.

இந்த மாவட்டங்களில் சமூக ஊடகத்தை ஆராய்கிறவர் 2018-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஏப்ரலில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் குரலாகவும் வீடியோவாகவும் சுற்றியது. குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ் பேசத் தெரியாத ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். மே 9 அன்று, போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த சென்னைக் குடும்பத்தின் மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட கூட்டம் அவரைக் கொன்றது. அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிப் போகிறார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டும் முடிவை யாரோ வெட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது.

இதைச் சொன்னதும் வகுப்பில் உடனே வரும் பதில், 'ஊடக எழுத்தறிவு இல்லாததே காரணம்.' அந்த இடத்தில் நின்றுவிடாதே. அந்த வீடியோவை எடுத்தவர் யாரென்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. அதை அனுப்பியவர் சொந்தச் சித்தப்பா, கூட வேலை செய்கிறவர், ஊர் குரூப்பை நடத்தும் பையன். நம்பிக்கை அனுப்பிய ஆளிடமிருந்து வந்தது. அதனால் செய்தியின் வழியைப் பிடிக்க வேண்டுமானால் உறவின் வழியைத் தெரிந்திருக்க வேண்டும். எந்த குரூப்பில் யார் அட்மின், யார் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை, யார் படித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள் என்று ஒரு தெருவுக்கு மட்டும் வரைபடம் போட்டுப் பார்.

2023 மார்ச்சில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானில் ஜோத்பூரில் நடந்த கொலையின் காட்சி. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி மறுக்க வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. முதல் வதந்தியில் அந்நியரைக் கண்டு நாம் பயந்தோம், இரண்டாவதில் நம்மைக் கண்டு அவர்கள் குடும்பங்கள் பயந்தன. இரண்டாவதில் நடுவில் மாட்டியவர் தமிழ் தெரியாமல் இங்கே பிழைக்க வந்த தொழிலாளி. டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ அப்படி வேலை பார்க்கும் ஒருவரிடம், அந்த வாரம் ஊரிலிருந்து என்ன வந்தது, வீட்டார் என்ன சொன்னார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுது. உன் ஆய்வேட்டின் கனமான அத்தியாயம் அதுவாகத்தான் இருக்கும்.

பாலாற்று நுரை வீடியோக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில், அந்தத் தண்ணீரோடு டேனரிக் கழிவைத் திறந்துவிட்டார்கள் என்று வெள்ளை வெள்ளையாக நுரை மிதக்கும் வீடியோக்கள் வரும். புதிதாக எடுத்தவையும் வரும், பழையவையும் புதிய தேதியோடு வரும். கோபம் நியாயமானது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் இந்த ஆற்றுக்காக முன்பு வழக்காடியவர்கள் எதைக் கையில் வைத்திருந்தார்கள் என்று பார். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வருமுன் காக்க வேண்டும் என்ற கொள்கைகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு. அதில் திண்டுக்கல் பக்கம் பதின்மூன்று கிராமங்களில் எடுத்த கணக்கு ஒன்று வருகிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. தோல் ஊர்களில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்னதும் வருகிறது. யாரோ கிணறு கிணறாக நடந்து போயிருக்கிறார்கள். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டையும் ஆற்றைச் சீரமைப்பதையும் பற்றி உத்தரவிட்டது. முப்பது வருடம் நிற்கும் வழக்குக்குத் தேதியும் இடமும் தெரிந்த சான்று வேண்டும். ஒரு நுரை வீடியோ முதலில் எங்கே, எப்போது, யாரால் பதிவேற்றப்பட்டது என்று பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிக்கும் திறமையை நீ கற்றுக்கொண்டால், அது பட்டத்துக்கு மட்டும் பயன்படுவதாக இருக்காது. இந்தக் கரையில் குடியிருக்கிறவர்களுக்கு நீ செய்யக்கூடிய வேலை அது.

உன்னை நம்பிப் பேசுகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஆம்பூர் சின்ன ஊர். கம்பெனி பெயரும் எந்த லைன் என்பதும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்க சூப்பர்வைசருக்கு ஐந்து நிமிடம் போதும். அதனால்தான் வெங்கட்ராமன் ஊருக்கே வேறு பெயர் வைத்தார். நீயும் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்ற அடையாளங்களை விட்டுவைக்காதே. தெரிந்தவர் சேர்த்துவிட்டார் என்பதற்காக ஒரு குரூப்பில் சத்தமில்லாமல் இருந்து படிக்காதே. நான் ஆய்வு செய்கிறேன், இதற்காக வந்திருக்கிறேன் என்று எழுதியும் பேசியும் அனுப்பு. யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலும் வெளியே வா. பெண்களின் ப்ரொஃபைல் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆய்வேட்டில் ஒட்டாதே, முகத்தை மங்கலாக்கினாலும் ஒட்டாதே. பூவையோ குழந்தையையோ படமாக வைத்திருப்பவர்கள் எதையோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பக்க ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், தைக்கும் பெண்கள் அதை வேலையிலிருந்து நிறுத்தும் காகிதம் என்றோ கடன் பத்திரம் என்றோ நினைத்துப் பயப்படுவார்கள். நீ என்ன கேட்கப்போகிறாய், பதிவை எங்கே வைப்பாய், எப்போது அழிப்பாய், வேண்டாம் என்றால் எப்படிச் சொல்லலாம் என்பதைத் தமிழிலும் தக்கனியிலும் உன் குரலிலேயே பதிந்து கொடு. அவர்கள் அதை வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து கேட்கட்டும், சம்மதத்தையும் குரலிலேயே சொல்லட்டும். நெறிமுறைக் குழுவில் யாராவது கையெழுத்துத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எனக்குச் சொல், நான் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்