வில் சொல்லும் கதை

நெய்யாறு அகத்தியர் மலையில் பிறக்கிறது. அந்த மலைப்பகுதியில் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். முற்காலத்தில் அவர்கள் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடினார்கள்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களுக்கும் வில் புதிதல்ல. இந்தப் பக்கத்துக் கோவில் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு உண்டு. பெரிய வில்லில் மணிகளைக் கட்டி, வீசுகோலால் தட்டிப் பாடுவார்கள். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோவிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் பள்ளிவேட்டை நடக்கும். அரச குடும்பத்துப் பெரியவர் இளநீர்க்காயின் மேல் அம்பு எய்வார்.

வாள் இருக்கிறது, வில் எங்கே?

பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகத் தக்கலைக்குப் போகலாம். அதன் அருகே பத்மநாபபுரம் அரண்மனை உள்ளது. அங்கே பழைய வாள்களையும் குத்துவாள்களையும் பார்க்கலாம். பழைய வில்லைப் பார்ப்பது அரிது. காரணம் எளிது. வாள் இரும்பு, துடைத்து எண்ணெய் பூசினால் நெடுங்காலம் நிற்கும். வில்லோ மூங்கிலாலும் மரத்தாலும் ஆனது. நாண் நாரால் ஆனது. கறையான் அரிக்கும். ஈரம் பட்டால் மட்கும். ஒடிந்த வில்லை மக்கள் அடுப்பில் வைத்து எரித்தும் விடுவார்கள்.

வில் எரிந்தால் அதன் வரலாறும் போய்விடும்.

வில்வீரர் தலைக்கல் சந்து

வயநாட்டில் குறிச்சியர் என்னும் மக்கள் உள்ளனர். வில்வித்தையில் பெயர் பெற்றவர்கள். பழசி ராஜா ஆங்கிலேயரை எதிர்த்தபோது அவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். 1802-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பனமரம் கோட்டை தாக்கப்பட்டது. எடச்சன குங்கனும் தலைக்கல் சந்துவும் தலைமை தாங்கினார்கள். துப்பாக்கி வைத்திருந்த படையை வில்வீரர்கள் வென்றார்கள். 1805-இல் சந்து பிடிபட்டுக் கொல்லப்பட்டார். வயநாட்டில் அம்பலவயல் என்னும் ஊரில் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. பழங்குடி மக்களின் வில்லும் அம்பும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பார்க்கும் பிள்ளைகளுக்குச் சந்துவின் கதை எளிதில் புரியும்.

அம்பு எவ்வளவு தூரம் போகும்?

ஒலிம்பிக் போட்டியில் குறிப்பலகை 70 மீட்டர் தூரத்தில் இருக்கும். குறி எதுவும் இல்லாமல், தூரத்துக்காக மட்டும் அம்பு எய்யும் போட்டியும் உண்டு. துருக்கி நாட்டார் இதில் வல்லவர்கள். அவர்களுடைய வில் மரம், கொம்பு, விலங்கின் தசைநார், பசை ஆகியவற்றால் ஆனது. வில்லின் உட்புறம் கொம்பு. அது அழுத்தத்தைத் தாங்கும். வெளிப்புறம் தசைநார்; அது இழுப்பைத் தாங்கும். அதனால் சிறிய வில்லும் மிகுந்த விசை தரும். இஸ்தான்புல் நகரில் இதற்கென்றே ஒரு திடல் இருந்தது. மிகத் தூரம் போன அம்பு விழுந்த இடத்தில் கல் நட்டார்கள். அந்தக் கற்களில் சில இன்றும் நிற்கின்றன.

சுமார் 230 ஆண்டுகளுக்கு முன் மகமூது எபெண்டி என்னும் துருக்கியர் லண்டனில் அம்பு எய்தார். அம்பு 482 கெஜம், அதாவது சுமார் 440 மீட்டர் போயிற்று. அங்கிருந்த வில்லாளர் சங்கத்தார் வியந்தார்கள். தூரத்தை அளந்து எழுதி வைத்தார்கள். வில்லையும் பத்திரப்படுத்தினார்கள். கல்லும் எழுத்தும் வில்லும் இருந்ததால்தான் இந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது.

பழம்பொருளைக் காப்பது எப்படி?

உங்கள் வீட்டிலோ ஊரிலோ பழைய வில், அம்பு, வேட்டைக் கருவி இருக்கலாம். அவற்றை இப்படிக் காக்கலாம்:

1. நாணைக் கழற்றி வையுங்கள். நாண் பூட்டியே இருந்தால் வில் வளைந்துபோகும்.
2. பழைய வில்லை இழுத்துப் பார்க்காதீர்கள். ஒடிந்து காயப்படுத்தும்.
3. வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். தரையில் வைக்க வேண்டாம்.
4. சுரண்டாதீர்கள். புதுச் சாயம் பூசாதீர்கள். மெல்லிய துணியால் தூசு தட்டினால் போதும்.
5. ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள். யாருடையது, எந்த ஊர், என்ன மரம், எதற்குப் பயன்பட்டது என்று எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஐந்தாவது வேலையே முக்கியமானது. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். எழுதக் கற்றவர் எவரும் இதைச் செய்யலாம்.

சட்டத்தையும் அறிவது நல்லது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட பழங்கலைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணைத் தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் அரசு அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சி

1. பழைய வில் கிடைப்பது ஏன் அரிது?
2. துருக்கி வில் எந்தப் பொருள்களால் ஆனது?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழம்பொருளைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். அதை அந்தப் பொருளோடு சேர்த்து வையுங்கள்.