பட்டாள ஆள்சேர்ப்பும் வணிகர் படிக்கும் பாடமும்

யுத்தம் எங்கோ நடக்கும். அதற்கு ஆள் போவது சின்னஞ்சிறு ஊர்களிலிருந்தே. முதல் உலக யுத்தத்தில் பஞ்சாப் மாகாணம் சுமார் 3½ லட்சம் போர்வீரர்களைக் கொடுத்தது. இன்று பாகிஸ்தானிலுள்ள ஜீலம், ராவல்பிண்டி ஜில்லாக்களின் முஸ்லிம் கிராமங்களிலிருந்து சென்றோர் மிகப் பலர். துல்மியால் என்னும் ஒரே கிராமம் 460 பேரை அனுப்பியது. அதற்கு வெகுமதியாக சர்க்கார் அவ்வூருக்கு ஒரு பீரங்கியைக் கொடுத்தது!

ஆரம்பத்தில் மாதம் 11 ரூபாய்ச் சம்பளமும் குடும்ப கௌரவமுமே இளைஞர்களை இழுத்தன. மழையை நம்பிய வறண்ட பூமியில் அது பெருந்தொகை. 1914-இல் பெல்ஜியத்தில் போரிட்டு, இந்தியச் சிப்பாய்களில் முதன்முதலாக விக்டோரியா கிராஸ் பெற்ற குதாதாத் கானும் இப்பகுதியினரே.

1917-க்குப் பின் நிலை மாறிற்று. ஜில்லா அதிகாரி முதல் தாசில்தார், ஸைல்தார், ஊர் நம்பர்தார் வரை இத்தனை ஆள் என்று கணக்கு வைக்கப்பட்டது. கணக்கை நிரப்பியவருக்குப் பட்டமும் கால்வாய்ப் பாசன நிலமும். நிரப்பாதவருக்கு மேலதிகாரியின் கோபம். ஆள்சேர்ப்பு ஆள்பிடிப்பாயிற்று. பஞ்சாப் கொடுமைகளை விசாரித்த காங்கிரஸ் குழுவின் 1920-ஆம் ஆண்டு அறிக்கையில் இந்த பலவந்தத்துக்கான சாட்சியங்கள் உள்ளன.

நாம் வாழும் சிங்கப்பூருக்கும் இதில் பங்குண்டு. 1915 பிப்ரவரி 15-இல் இங்கே கலகம் செய்த 5-ஆவது காலாட்படையினர், இன்றைய ஹரியானாவின் கிராமப்புற முஸ்லிம்கள். காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, துருக்கியருக்கு எதிராகப் போரிட அனுப்பப்படுகிறோம் என்ற அச்சம். உண்மையில் கப்பல் போகவிருந்தது ஹாங்காங்குக்கு. அந்த அச்சத்தைத் தீர்க்கும் நம்பிக்கை அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் இடையே இல்லாமற் போயிற்று. 47 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது.

வணிகராகிய நாம் இதை எப்படி எடைபோடுவது? இரு தரப்பின் மனப்பொருத்தமின்றி வியாபாரம் கூடாது என்பது மார்க்கச் சட்டம். ஐயமும் மறைவும் கலந்த 'கரர்' தடுக்கப்பட்டது. சரக்குக்கே இந்த விதி என்றால், மனிதனின் உழைப்புக்கும் உயிருக்கும் எவ்வளவு அதிகம்!

நம்மிலும் ஊரிலிருந்து பையன்களை அழைத்துவந்து கடையில் வைப்போர் உண்டு. சம்பளம் எவ்வளவு, வேலை என்ன, ஊர் திரும்புவது எப்போது என்பதை முன்கூட்டியே சொல்லி, எழுதிக் கையில் கொடுப்போமாக. தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்குவோரிடம் அப்பொறுப்பை விடவேண்டாம். கைப்பட்ட ஆள் எல்லாம் மனம் ஒப்பிய ஆள் அல்ல.