மூன்றாம் தவணையும் மக்கள் இசைவும்

ஒருமுறை தடுப்பூசி செலுத்திக்கொண்டவர், அதே நோய்க்கு மறுமுறையும் செலுத்திக்கொள்ள முன்வருவாரா என்னும் வினா மருத்துவத் துறைக்கே உரியது போலத் தோன்றும். எனினும் அதன் விடையில் ஒரு பெரும்பகுதி, மருந்தைப் பற்றி மக்களிடம் எவர், எச்சொல்லால், எவ்வாறு சொன்னார் என்பதில் அடங்கியிருக்கிறது. ஆதலின் தமிழ்த்துறை மலரொன்றில் இப்பொருளை ஆராய முற்படுவது பொருந்தும் என்றே கருதுகிறோம்.

இந்தியாவில் கொரோனாத் தடுப்பூசித் திட்டம் 2021 சனவரி 16ஆம் நாள் தொடங்கியது. முதல் தவணையை ஏறத்தாழ 102 கோடிப் பேரும், இரண்டாம் தவணையை ஏறத்தாழ 95 கோடிப் பேரும் ஏற்றனர். மூன்றாவதை ஏற்றவரோ 22 கோடிக்குச் சற்று மேற்பட்டவரே. மூன்றாவது தவணை 18 வயது நிரம்பியவர்க்கு மட்டுமே வழங்கப்பட்டது என்பதைக் கருத்திற்கொண்டாலும் இவ்வீழ்ச்சி பெரிது.

இதனை மக்களின் அறியாமை என்று எழுதிவிடுவது எளிது, நேர்மையாகாது. முதலிரு தவணைகளுக்கு வரிசையில் நின்றவரும் இம்மக்களே அல்லரோ? தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12 முதல் நடைபெற்ற மாபெரும் முகாம்களில் கூட்டம் கூட்டமாக வந்தவர் ஓராண்டுக்குள் அறிவிழந்துவிட்டனர் என்று கூறுவார் இலர். நடைமுறைக் காரணங்கள் சில உள்ளன. 2022 சனவரி 10 முதல் மூன்றாம் தவணை மருத்துவப் பணியாளர்க்கும் முன்களப் பணியாளர்க்கும் இணைநோயுடைய முதியோர்க்கும் வழங்கப்பட்டது. ஏப்ரல் 10 முதல் வயதுவந்தோர் அனைவர்க்கும் வழி திறக்கப்பட்டபோது, 60 வயதுக்குட்பட்டோர் தனியார் மையங்களில் கட்டணம் செலுத்திப் பெறவேண்டியிருந்தது. மருந்துக்கு 225 ரூபாய், செலுத்துவதற்கு 150 ரூபாய் வரை எனக் கணக்கிட்டால், நாட்கூலி பெறுவார்க்கு அது ஒருநாள் உணவு. மறுநாள் காய்ச்சல் வந்தால் அந்நாட் கூலியும் இழப்பு. சூலை 15 முதல் 75 நாள்களுக்கு இலவசம் என்று அறிவிக்கப்பட்ட பின்னரே, செலுத்தப்பட்ட மூன்றாம் தவணைகளுள் பெரும்பகுதி செலுத்தப்பட்டது. மக்கள் விருப்பம் என்று நாம் பேசுவதில் ஒரு பாதி மக்கள் வசதியே போலும்!

எனினும் இலவசமாகக் கிடைத்தபோதும் வராதவர் பலகோடி. இங்கேதான் சொல் நம் கவனத்துக்கு வருகிறது.

ஆங்கிலத்தில் ‘டோஸ்’ எனப்படுவதைத் தமிழில் ‘தவணை’ என்றோம். தவணை என்பது நம் மக்கள் வழக்கில் கடனோடு பிணைந்த சொல். வங்கியில் தவணை, சீட்டில் தவணை, தையல் இயந்திரம் வாங்கினாலும் தவணை. கடைசித் தவணை கட்டியவுடன் கணக்குத் தீர்ந்தது என்று பொருள். இரண்டு தவணை என்று முன்னரே எண்ணிச் சொல்லப்பட்டது. இரண்டாவது முடிந்ததும் அரசு வழங்கிய சான்றிதழின் தலைப்பிலேயே ‘இறுதி’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல் பொறிக்கப்பட்டிருந்தது. கடன் தீர்ந்து பற்றுச்சீட்டும் பெற்றுக்கொண்டவனிடம் மீண்டும் ஒரு தவணை கேட்டால், அதனை அவன் வட்டி என்றுதான் எண்ணுவான்.

அரசு அதற்கு ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்று பெயரிட்டது. நாளிதழ்களோ ‘பூஸ்டர்’ என்றே எழுதின. நம் இல்லங்களில் அவ்வொலியைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது பாலில் கலக்கும் ஊட்டப்பொடி. இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறைவில்லை என்னும் எண்ணத்தை அச்சொல் தன்னோடு கொண்டுவந்துவிட்டது. ‘ஊக்கத் தவணை’ என்னும் தமிழாக்கம் வந்தும் நாவில் பழகவில்லை.

மறுதவணை ஏன் தேவை என்பதை விளக்குவது கடினமன்று. தடுப்பூசி, நோய்க்கிருமியின் அடையாளத்தை உடலுக்குக் கற்பிக்கிறது. கற்றது நாளடைவில் மங்குகிறது. மறுதவணை அந்நினைவைப் புதுப்பிக்கிறது. படித்த பாடத்தைத் திருப்பிப் பார்க்கும் மாணவர்க்கு இதற்குமேல் உவமை வேண்டா. இவ்வுண்மை புதியதுமன்று. 1796இல் ஜென்னர் பசுவம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தபோது, ஒருமுறை குத்தினால் வாழ்நாள் முழுதும் காக்கும் என்றே நம்பப்பட்டது. அது பொய்த்தமையால் பிரஷ்ய நாட்டுப் படையில் 1834 முதல் மறுமுறை குத்துவது கட்டாயமாயிற்று. செர்மனியின் 1874ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிச் சிறுவர்க்கு 12 வயதில் மறுமுறை குத்த விதித்தது.

நம் மக்கள் மறுதவணையை வெறுப்பவர் அல்லர். காலில் ஆணி குத்தினால், “டி.டி. ஊசி போட்டாயா?” என்று கேட்காத தமிழ்த்தாய் இல்லை. இரணஜன்னிக்கு எதிரான அவ்வூசி, குழந்தைப் பருவத்தில் முறையாகப் பெற்றவர்க்கு மறுதவணையே ஆகும். எவரும் அதனைப் பூஸ்டர் என்று அழைப்பதில்லை. காயம் கண்முன் இருக்கிறது, காரணம் விளங்குகிறது, மக்கள் தாமே கேட்டுப் பெறுகின்றனர்.

ஹஜ்ஜுப் பயணியரைக் காண்போம். 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மெனிஞ்சைட்டிஸ் எனப்படும் மூளைச்சவ்வுக் காய்ச்சல் பரவி, பயணியர் வழியே பல நாடுகளுக்குச் சென்றது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் அந்நோய்க் கிருமியின் வேறொரு வகை தோன்றியது. அதன்பின் சவூதி அரசு நான்கு வகைக் கிருமிகளுக்கும் எதிரான தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அதன் காப்புக் காலம், மருந்தின் வகைக்கேற்ப மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளே. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் புனிதப் பயணம் மேற்கொள்வார் மீண்டும் ஊசி செலுத்திக்கொள்ள வேண்டும். பயண முகாம்களில் எழுபது வயது முதியவரும் முணுமுணுப்பின்றிக் கையை நீட்டுகிறார். கட்டாயம் என்பது ஒரு காரணம். பல்லாயிரம் மைல் கடந்து வந்த இலட்சக்கணக்கானோர் தோளோடு தோள் நிற்கும் இடத்தில், தம் மூச்சு பிறர்க்குத் தீங்காகலாகாது என்பதை அவர் எளிதில் உணர்ந்துகொள்வது மற்றொன்று.

மறுதவணைக்கு மறுப்பு எழுந்து, பின் அம்மறுப்பு மாறிய வரலாறும் நம் சமுதாயத்திலேயே உண்டு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில், மொராதாபாத்தைச் சூழ்ந்த மாவட்டங்களில், போலியோ சொட்டு மருந்து ஏறத்தாழ மாதந்தோறும் வீடுதேடி வந்த காலம் அது. 2002இல் இந்தியாவில் 1,600 குழந்தைகள் போலியோவால் தாக்குண்டனர். பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தவர். அவர்களுள் முஸ்லிம் குழந்தைகள் மிகுதி. மகப்பேற்றைத் தடுக்கும் மருந்து என்ற வதந்தி பரவியது. அதனினும் ஆழமானது வேறொரு கேள்வி: “குடிநீர் இல்லை, சாக்கடை இல்லை, காய்ச்சலுக்கு மருந்து இல்லை, இந்த இரண்டு சொட்டு மட்டும் ஏன் இத்தனை முறை?” இக்கேள்வி நியாயமானது என்பதே நம் கருத்து.

இத்தனை முறை ஏன் என்பதற்கு அறிவியலில் விடை இருந்தது. வேலூரில் பணியாற்றிய மருத்துவ அறிஞர் டி. ஜேக்கப் ஜான் முதலியோர், சொட்டு மருந்து இந்தியக் குழந்தைகளிடம் மேலைநாட்டுக் குழந்தைகளிடம் போல மூன்று தவணைகளில் முழுப்பயன் தருவதில்லை என்று நெடுங்காலம் முன்னரே கண்டறிந்திருந்தனர். ஆயின் அவ்விடை வீட்டு வாசல்வரை வந்து சேரவில்லை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியன இப்பணியில் இணைந்தன. பள்ளிவாசல் இமாம்கள் ஜும்ஆ உரையில் பேசினர். ஒலிபெருக்கியில் முகாம் நாளை அறிவித்தனர். அத்தெருவிலேயே வாழும் பெண்கள் பணியாளராய் அமர்த்தப்பட்டனர். வயிற்றுப்போக்குக்கு மருந்தும் தூய்மை பற்றிய அறிவுரையும் சொட்டு மருந்தோடு சேர்ந்து வந்தன. 2010இல் திறன்மிக்க புதிய சொட்டு மருந்தும் வந்தது. 2009இல் 741 என இருந்த எண்ணிக்கை 2010இல் 42 ஆயிற்று. 2011 சனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹவுராவில் கண்டறியப்பட்டதே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோத் தாக்கம். 2014 மார்ச் 27இல் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதி போலியோ அற்றது எனச் சான்று பெற்றது. கேள்வி கேட்டவரை அடக்காமல் விடை கூறியமையால் விளைந்த மாற்றம் இதில் பெரிது.

அண்டை மாநிலமாகிய கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தொண்டை அடைப்பான் மீண்டும் தோன்றிச் சிறுவர் உயிர்களைக் கொண்டது. தடுப்பூசி பெறாதவரும் அரைகுறையாகப் பெற்றவருமே பெரிதும் தாக்குண்டனர்; பத்து வயதைக் கடந்தோரும் அவர்களுள் பலர். இந்நோய்க்கான காப்பும் மங்கக்கூடியதே. அதனாலேயே தேசிய அட்டவணை 10 வயதிலும் 16 வயதிலும் மறுதவணையை வைத்துள்ளது.

ஈண்டும் சொல் இடறுகிறது. முன்னர்ப் பள்ளிகளில் செலுத்தப்பட்டது இரணஜன்னிக்கு மட்டுமான ஊசி. இப்பொழுது செலுத்தப்படுவது இரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டையும் தடுப்பது. ஆங்கிலத்தில் இவ்விரண்டின் சுருக்கப் பெயர்களும் இறுதி எழுத்தால் வேறுபடும். தமிழில் எழுதினால் அதுவும் ‘டி.டி.’, இதுவும் ‘டி.டி.’ ஆகவே பள்ளியிலிருந்து வரும் ஒப்புதல் தாளில் ‘டி.டி. ஊசி’ என்று காணும் பெற்றோர், “பிள்ளைக்குக் காயம் எதுவும் இல்லையே” என்று கூறித் தாளை மடித்து வைத்துவிடக்கூடும். அத்தாளில் ‘தொண்டை அடைப்பான்’ என்னும் தமிழ்ப் பெயரை ஒருவரி சேர்த்து அச்சிடுவதற்குச் செலவு ஏதுமில்லை.