ஒரே மணிக்கட்டுக்கு இரண்டு கோணங்களா?

கேள்வி: ஐயா, நான் தச்சு வேலை செய்பவன். மூன்று மாதங்களுக்கு முன் ஏணியிலிருந்து சறுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறியவில்லை என்றார்கள். ஆனாலும் உளியைப் பிடித்து அழுத்தினால் மணிக்கட்டு வலி தாளமுடியவில்லை. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஸ்காபாய்ட்-லூனேட் கோணம் 58 பாகை என்றும், ஒரு மாதம் கழித்து வேறிடத்தில் எடுத்ததில் 66 பாகை என்றும் எழுதியிருக்கிறது. எலும்பு நகர்ந்துகொண்டே போகிறதா? எதை நம்புவது?

பதில்: எதை நம்புவது என்று தீர்மானிக்குமுன், அது எதனுடைய கோணம் என்பதைத் தாங்கள் அறிந்துகொள்வது அவசியம். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில், முன்கையை ஒட்டிய வரிசையில் உள்ளவையும், படகின் சாயலால் ஸ்காபாய்ட் என்றும் பிறையின் சாயலால் லூனேட் என்றும் பெயர் பெற்றவையுமான இரண்டும், வலிய நார் ஒன்றினால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. படகெலும்பின் ஸ்வபாவம் உள்ளங்கைப் பக்கம் கவிழ்வது. பிறையெலும்பின் ஸ்வபாவம் புறங்கைப் பக்கம் சாய்வது. ஒன்றை மற்றொன்று தடுத்து நிறுத்துவதனாலேயே மணிக்கட்டு நிலைபெறுகிறது. நார் அறுந்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் செல்ல, அவற்றின் அச்சுகளுக்கு இடையிலுள்ள கோணம் விரிகிறது. ஆரோக்கியமான கையில் அது ஏறத்தாழ 30 முதல் 60 பாகைக்குள் இருக்கும். 70-ஐத் தாண்டினால் நார் கெட்டிருப்பதாகப் பலமாகச் சந்தேகிக்க வேண்டும். தங்களுடைய 66 இவ்விரண்டுக்கும் நடுவே, ஐயத்துக்குரிய பிரதேசத்தில் நிற்கிறது.

ஆனால் எட்டுப் பாகை வித்தியாசம் என்பதனாலேயே எலும்பு நகர்ந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். 1895-இல் ராண்ட்ஜென் தம் மனைவியின் கையைப் படமெடுத்த நாள்தொட்டு எக்ஸ்ரே என்பது நிழலே. பக்கவாட்டுப் படத்தில் எட்டு எலும்புகளின் நிழல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய, அந்த மங்கலுக்குள் வளைந்து நெளிந்த படகெலும்பின் அச்சைத் தேடிக் கோடிழுக்கும் இருவர், ஒரே படத்திலேயே சில பாகைகள் வேறுபடுவது சகஜம். அதைவிட முக்கியமானது கையின் நிலை. மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் வளைந்திருந்தால் இக்கோணம் பெருகும். புறங்கைப் பக்கம் மடங்கியிருந்தால் குறையும். நடுவிரலைத் தாங்கும் உள்ளங்கை எலும்பு முன்கை எலும்பின் நேர்கோட்டில் இருந்ததா என்பதைப் பார்க்காமல் எழுதப்பட்ட பாகைக் கணக்கை ஒப்பிடுவது, முழக்கோலைச் சாய்த்துப் பிடித்து மரத்தை அளப்பதற்குச் சமானம். தச்சராகிய தங்களுக்கு அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

நிழலின் இக்குறையைத் தீர்ப்பது சி.டி. ஸ்கேன். மெல்லிய அடுக்குகளாக எடுத்த படங்களிலிருந்து ஒவ்வோர் எலும்பின் முழு உருவத்தையும் கணினி அமைத்து, அதன் மையத்தையும் அச்சுகளையும் கணக்கிட்டு, முன்கை எலும்பை ஆதாரமாகக் கொண்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லக்கூடும். இதில் நான் பெரிதும் மதிக்கும் உபாயம், நோயாளியின் மறு கையையும் படமெடுத்து, கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாற்றி, அடிபட்ட கையின்மேல் பொருத்திப் பார்ப்பது. இரு கைகளும் அணுவளவும் பிசகாமல் ஒத்திருப்பதில்லையெனினும், ஊரார் கைகளின் சராசரியைவிடத் தம்முடைய மற்றொரு கையே ஒருவருக்கு நெருங்கிய பிரமாணம்.

எனினும் அசையாத கையின் படம், பளு ஏறும்போது மட்டும் பிரியும் எலும்புகளைக் காட்டாமல் போகலாம். தங்கள் வலியோ உளியை அழுத்தும்போதுதான் வருகிறது. ஆகவே கை அறுவை நிபுணரிடம் சென்று, இரு கைகளுக்கும் நேரான பக்கவாட்டுப் படமும், முஷ்டியை இறுக்கிப் பிடித்த நிலையில் முன்புறப் படமும் எடுக்கச் சொல்லுங்கள்; இரு எலும்புகளுக்கிடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தென்பட்டால் அது கோணத்தைவிடத் தெளிவான சாட்சி. அப்போதும் ஐயம் தீராவிடில் எம்.ஆர்.ஐ., அல்லது மூட்டுக்குள் சிறு குழாய்க் கருவி செலுத்தி நாரையே நேரில் காணும் பரீட்சை இருக்கிறது. அறுந்த நாரைக் கவனியாது விட்டால் சில ஆண்டுகளில் மூட்டு தேய்ந்துவிடக்கூடும். மூன்று மாதம் கழிந்துவிட்டது, இனித் தாமதிக்க வேண்டாம். நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை வலக்கையால் உளியை அழுத்தாதீர்கள்.